மொட்டைத் தலையோடு முதல் வகுப்பு

ஜனவரி 2, திங்கள்

விடாத மழை. கலாவின் பினாஃபோர் கவுன் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். புகை வாசம் அடிக்கும். அடிக்கட்டும்.

நாளை கலாவுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பிரைமரி ஒன். பென்சில், ரப்பர், தண்ணீர்ப் புட்டி, காலுக்கு வெள்ளைச் சப்பாத்து, எல்லாம் ஆச்சு. தலைமுடி ஒன்றுதான் இல்லை. போன வருடம் டைபாய்டில் கிடந்தாளே, அப்போது சிராங்கூன் ரோடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டது. பிழைத்தாள். போன வாரம் மொட்டை போட்டாச்சு.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் இது தேவையா, அடுத்த லீவில் போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று இவர் ஒரே முணுமுணுப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் தூக்கி அப்புறம் வைக்கலாம் என்று நினைப்பு. நான் பிள்ளை உயிரைக் கேட்டபோது அம்மன் அப்புறம் பார்க்கலாம் என்றாளா?

ஜனவரி 3, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தாள். பினாஃபோர் பின்பக்கம் ஈரம். பஸ்ஸில் உட்காரவே மாட்டேன் என்றாள். நின்றுகொண்டே வந்தோம்.

குளிப்பாட்டும்போதுதான் வாய் திறந்தாள். பெண்பிள்ளைகள் கக்கூஸுக்குப் போயிருக்கிறாள். பெரிய வகுப்புப் பெண்கள் வாசலில் மறித்து, பையன் கவுன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று வெளியே தள்ளிவிட்டார்கள். ‘போத்தாக், போத்தாக்’ என்று கத்தல். மலாயில் மொட்டையாம். அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் வகுப்பிலேயே.

பினாஃபோரை அலசி மறுபடி அடுப்புக்கு மேலே போட்டேன்.

"நாளைக்குப் போமாட்டேன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இவர் என்னைப் பார்த்தார்.  பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

ஜனவரி 4, புதன்

வெயில். கலாவைக் கையோடு பிடித்துக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டர் அறைக்கு. சீனர், மூக்குக்கண்ணாடி. நல்ல மனிதர்தான். மலாயில் பேசிக்கொண்டோம். பிள்ளைகள் அப்படித்தான் கேலி செய்யும், முடி வளர்ந்ததும் அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்றார். இந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்களாம்.

இடம் கொடுத்தது பிள்ளைக்கா, முடிக்கா என்று கேட்டேன். என் மலாயில் அது எப்படி வந்ததோ. மணி அடித்தது. நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, கலாவோடு கக்கூஸுக்கு யாராவது ஒரு பிள்ளையைத் துணை அனுப்பச் சொன்னார். மறுபடி ஏதாவது தகராறு என்றால் வீட்டுக்குத்தான் என்றும் சொன்னார்.

பார்க்கலாம்.

பள்ளி விடும்வரை வேலியோரம் குடையோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் சமையல் இல்லை. ரொட்டி.

ஜனவரி 5, வியாழன்

தூறல். காலையில் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இழுத்துக்கொண்டுதான் போனேன். பாவமாகத்தான் இருந்தது. விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

படியில் கீழ்வீட்டு பாத்திமா அக்கா. பட்டுத் துணி ஒன்றை நீட்டினார், தலையில் கட்டிவிடு என்று. நல்ல மனசு. வேண்டாம் என்றுவிட்டேன். எதை மறைக்க? திருடிக்கொண்டா வந்தோம்?

இடைவேளையில் ரெட்டைச் சடை போட்ட சீனப் பிள்ளை ஒன்று கலா தலையைத் தொட்டது. பின்னாலேயே நாலைந்து பேர். வேலிக்கு வெளியே இருந்து போட்டேன் ஒரு சத்தம். காவல்காரர் வந்து தள்ளிப் போகச் சொன்னார். ரோடு உங்கள் அப்பா போட்டதா என்றேன். தமிழில்.

சாயங்காலம் பினாஃபோர் ஈரமில்லை.  சோறு இரண்டாம் தடவை கேட்டாள்.

கருவேப்பிலை, மண்ணெண்ணெய் வாங்கணும்.

ஜனவரி 6, வெள்ளி

மழை இல்லை. சப்பாத்தை அவளே போட்டுக்கொண்டாள். இடது வலது மாறி. கட்டில் காலை இன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ இங்கயே நில்லும்மா. கேட்டுக்கு வராத."

ஏண்டி, யாராவது தள்ளினால் என்றேன்.

"என்னைய யாரும் தள்ளல. அந்த ரெட்டைச் சடதான் இப்ப கக்கூஸுக்கு என்கூட வருது. தலைய தொட்டா கூச்சமா இருக்கான்னு கேட்டுச்சு, அதான் தொட்டுச்சு. நீதான் வேலிகிட்ட நின்னு கத்துற. எல்லாம் உன்னப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க."

கேட்டுக்கு வரமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். ஓடினாள். வெறும் தலை, வெயிலில் மினுமினுவென்று.

சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். கேட்டுக்கு வரக்கூடாது என்றுதான் சத்தியம். எதிர்ப்பக்கத்துப் பெரிய மரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.