நாலு வரிசை மல்லாட்டை

என் சிடுமூஞ்சி நைனாவுக்கு,

சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் கொல்லைக்குப் போய்வந்தேன். நீ இல்லாமல் போன முதல் வருஷம். இன்றைக்குத் திங்கள். முழங்கால் வலி இன்னும் போகவில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிடக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்குத் தெரியாத வேலையா இது. வருஷா வருஷம் தீபாவளி முடிந்து வரும் சனிக்கிழமை, என் யூ.கே.ஜி. பிள்ளைகளைச் செஞ்சியிலிருந்து வேனில் ஏற்றி வல்லம் தாண்டி அழைத்து வருவேன். அவர்களுக்கென்று விட்டுவைத்த நாலு வரிசை மல்லாட்டையைப் பிடுங்குவார்கள், அங்கேயே அவித்துத் தின்பார்கள், பம்புசெட்டுத் தண்ணீரில் கால் நனைப்பார்கள். "மிஸ், வேர்க்கடலை மரத்துல காய்க்காதா?" என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். நீயோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது இன்னா கொல்லையா, கண்காட்சியா?" என்று முணுமுணுத்தபடி மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விடுவாய். நைனாவுக்கு இது பிடிக்கவில்லை, எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் ஆரம்பத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. "சேறு படாம பாத்துக்கோங்க மிஸ்" என்று ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். ஐப்பசி மாசத்தில், மழை பெய்த கொல்லையில், சேறு படாமல்! சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

நீ போன பிறகு தம்பி மணிதான் கொல்லையைப் பார்த்துக்கொள்கிறான். பாண்டிச்சேரி கம்பெனி வேலையை விடவில்லை, லீவு நாளில் மட்டும் ஓடி வருகிறான். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் போன் பண்ணினான்.

"அக்கா, காய் முத்திடுச்சு. நாளைக்கி ஆள வுட்டு புடுங்கிடறேன்."

"பசங்களுக்கு நாலு வரிசை வுட்டுடுடா."

"மழை வருதுக்கா. வுட்டா மண்ணுலயே முளைச்சிடும்."

"நைனா வருஷா வருஷம் வுட்டாரே, அவருக்கு மட்டும் முளைக்கலையா? உனக்கு மனசு இல்லன்னு சொல்லு."

"சரிக்கா, உன் இஷ்டம். அப்புறம் என்ன ஒண்ணும் சொல்லாத," என்று வைத்துவிட்டான். உன்னை வைத்தே அவன் வாயை அடைத்துவிட்டேன், நைனா. ஜெயித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் மழை கொட்டியது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால் கோட்டை மலையே தெரியவில்லை. சனிக்கிழமை மட்டும் எப்படியோ வெயில் அடித்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். வல்லம் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் வேனில் வாந்தி எடுத்தாயிற்று. வரிசையாக நிறுத்தி, "இழுங்க" என்றேன்.

யாழினி என்று ஒரு வாண்டு, இருப்பதிலேயே பெரிய செடியாகப் பிடித்து இழுத்தது. செடி சட்டென்று கையோடு வந்துவிட, மல்லாக்க விழுந்தது. எழுந்து வேரைப் பார்த்தது. "மிஸ், என் செடியில ஒண்ணுமே இல்ல." பக்கத்துப் பையன் செடியில் கறுத்துப்போன காய் இரண்டு. இன்னொருத்தி காட்டிய காயில் ஓடு வெடித்து வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. முத்தின காயெல்லாம் காம்பு இற்று மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெறும் செடியைப் பிடித்துக்கொண்டு ஒன்று அழ ஆரம்பிக்க, அதைப் பார்த்து நாலைந்து அழுதது. மணி கொஞ்சம் தள்ளி நின்றான். "சொன்னேன்ல" என்று அவன் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். போதும் சாமி, இதோடு இந்த வேலைக்கு ஒரு கும்பிடு, அடுத்த வருஷம் எவளாவது பூங்காவுக்குக் கூட்டிப்போகட்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். அப்போதுதான் பச்சையம்மா வந்தாள். நம் கொல்லையில் களையெடுக்கவும் விதைபோடவும் எத்தனையோ வருஷமாக வருகிற அதே பச்சையம்மாதான்.

"இன்னா டீச்சரம்மா, வெதைக்கறப்பவே தள்ளி வெதைக்காம, இப்ப வந்து உக்காந்துகினா ஆச்சா?"

"தள்ளியா? இன்னா சொல்ற?"

"அய்ய, உனக்குத் தெரியாதா! உங்க நைனா இந்த நாலு வரிசைய மட்டும் பதினஞ்சு நாளு, இருவது நாளு கழிச்சித்தான் வெதைப்பாரு. நாந்தான் கூட நின்னு வெத போடுவேன். ஈரம் பத்தலன்னா கொடத்துல தூக்கினு வந்து ஊத்துவாரு. 'எம்பொண்ணு இஸ்கூலு பசங்க வரும், அதுங்க இழுக்கறப்ப கொத்தா வரணும்'பாரு. இந்த வருஷம் சொல்றதுக்கு ஆளு இல்ல. கூலிக்கு வர்றவ நானா வந்து எப்பிடிம்மா சொல்லுவேன்?"

வரப்பில் உட்கார்ந்தபடியே விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தேன், நைனா.

ஆடி மாசமானால் போன் போட்டு, "தீபாவளி எந்தத் தேதி வருது?" என்று கேட்பாயே. "ஆடியிலயே தீபாவளியா? புது வேட்டிக்கு அவ்ளோ ஆசையா?" என்று ஒவ்வொரு வருஷமும் கிண்டல் பண்ணுவேன். "ஆமா, போ" என்று வைத்துவிடுவாய். நாள் எண்ணத்தான் கேட்டாயா? காய் முத்துகிற நாளும் என் பிள்ளைகள் வருகிற நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு?

பச்சையம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. ஆளுக்கொரு குச்சியை ஒடித்துக் கொடுத்து, "காயி எங்கயும் போவல கண்ணுங்களா, உள்ளதான் ஒளிஞ்சினு இருக்குது, தோண்டுங்க" என்றாள். அவ்வளவுதான், அழுகை நின்றது. ஒரு காய் கிடைத்தால் ஒரு கூச்சல். முளைவிட்ட காய் ஒன்றை யாழினி டிபன் பாக்ஸ் மூடியில் மண்ணோடு எடுத்து வைத்துக்கொண்டது. முன்னால் பிடுங்கியதில் ஒரு கூடையைப் பிள்ளைகளுக்கென்றே மணி எடுத்து வைத்திருந்தான். அதைத்தான் அவித்துக் கொடுத்தோம். அவனுக்கு மனசில்லை என்று சொன்ன வாய் இது. கிளம்பும்போது, "தப்பு என் மேலதான்டா" என்றேன். "வுடுக்கா" என்றான்.

திரும்பி வந்தபோது தலைமுதல் கால்வரை சேறு. எதிர்பார்த்தபடியே அந்த வாய்ஸ் மெசேஜ் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அலுப்பு தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். வயசாகிறது, நைனா. ஆனால் வரப்பில் உட்கார்ந்து எடுத்த முடிவைக் கைவிட்டுவிட்டேன். நேற்று பஜாரில் மளிகைக் கடையில் அடுத்த வருஷக் காலண்டர் வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லையாம். வந்ததும் தீபாவளி என்றைக்கு என்று பார்த்து, அங்கிருந்து பின்னால் நாள் எண்ணிக்கொள்வேன். மணி கொல்லை முழுக்க விதைக்கட்டும். நாலு வரிசையை மட்டும் நான் தள்ளி விதைக்கிறேன். ஈரம் பத்தாவிட்டால் குடம் தூக்குகிறேன், முழங்கால் எப்படி வலித்தாலும் சரி. பிள்ளைகள் இழுக்கும்போது கொத்தாக வரும், நைனா.

வேட்டிக்காகத்தான் கேட்கிறாய் என்று நினைத்திருந்த
உன் மூத்த பொண்ணு,
செல்வி