சிவப்பு போன கண்ணாடித்துண்டு

இன்று காலை மரப்பெட்டியைத் திறந்தேன். பினாயிலோடு எரிந்த ஸ்பிரிட்டும் கலந்ததுபோல அந்தப் பழைய சாயத்தின் வாசனை வந்தது. போத்தல் காய்ந்து பல வருஷம் ஆகிறது. அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு மட்டும் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், காகிதத்தில் சுற்றியபடி, உன் சளியைத் தடவிய கண்ணாடித்துண்டு இருந்தது. ஓரத்தில் நான் ஊசியால் கீறிய உன் பெயரின் முதல் எழுத்து அப்படியே இருக்கிறது.

அழுகை வரவில்லை மச்சான். நீ செத்த அன்றும் வரவில்லை. அதற்காக உன் சொந்தக்காரர்கள் என்னைப் பேசினார்கள். பேசட்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் போத்தல் கழுவ வந்தவன் என்பது உனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அலமாரியில் கிடந்த இங்கிலிஷ் புத்தகத்தை அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். சளியைக் கண்ணாடியில் மெல்லியதாகத் தடவிக் காயவைக்க வேண்டும். சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கீழே விளக்கைக் காட்டி, ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. பிறகு அமிலத்தால் கழுவ வேண்டும். மற்றக் கிருமிகள் எல்லாம் சிவப்பை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விடாது. கடைசியாக நீலச் சாயம். நீலத்துக்கு நடுவில் சிவப்பாக, மெல்லிய குச்சிபோலக் கிடந்தால், அதுதான். அமிலம் ஊற்றியும் நிறத்தை விடாத அந்தக் கிருமியை எனக்குப் பிடித்திருந்தது என்று ஒருநாள் சொன்னேன். "ஒன்னைய மாதிரியே வீம்பு புடிச்சதுன்னு சொல்லு" என்றாய்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து வரும்போதெல்லாம் நீ இருமினாய். புகையிலை என்றாய், பனி என்றாய். ஒரு நாள் டிஸ்பென்சரியின் பின்பக்கம், தண்ணீர்க் குழாயடியில் உன்னை நிறுத்திக் கையில் சளி எடுக்கும் கப்பைக் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமி, அடி நெஞ்சிலிருந்து எடுத்துத் துப்பினாய். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. "இந்தா, பிரசாதம். லயத்துல இருக்குற எல்லா வீட்டுக்கும் பிரிச்சுக் குடு" என்று என்னிடம் நீட்டினாய். இருவரும் சிரித்தோம்.

அன்று பின்னேரம் சாயம் போட்டுப் பார்த்தேன். இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, பார்த்த இடமெல்லாம் இருந்தது.

தோட்டத்து டாக்டர் என் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. "நீ பாத்தத வச்சு நான் மருந்து குடுக்க ஏலாது. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். நீ போனாய். அங்கே இரண்டு தடவை கப்பில் சளி கொடுத்தாய். கிருமி இல்லை என்று காகிதம் வந்தது.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நின்ற இடத்தில், அந்தக் காகிதத்தை உயர்த்திக் காட்டினாய். "பாருங்கப்பா, நம்ம பெரிய டாக்டரு. போத்தல் கழுவுறவரு பூச்சி புடிச்சாராம்" என்றாய். கொழுந்து எடுக்கும் பெண்கள்கூடச் சிரித்தார்கள். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். பயம் தெளிந்த மனுஷன் அப்படித்தான் பேசுவான். இது எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை.

இரண்டு முறை என் வாசலுக்கு வந்தாய். "என்னா மச்சான், இன்னும் கோவமா?" என்று வெளியே நின்று கேட்டாய். நான் உள்ளே சாயப் போத்தலுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். மூடி கையில்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கவ்வாத்து மலையிலேயே ரத்தம் கக்கினாய். தேயிலைச் செடியில் தெறித்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். டவுனுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே இந்த முறை கிருமி இருந்தது. மருந்து தொடங்கினார்கள். அதற்குள் உன் நெஞ்சில் மிச்சம் எதுவும் இல்லை.

உன் கருமாதியன்று உன் வீட்டுக்காரி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அவளாகவே சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு டவுனுக்குப் போறப்ப அவரு பல்ல எத்தன தடவ வெளக்குனாருன்னு தெரியுமா? வெந்நி வச்சிக் குடுத்தேன். வெத்தலக் கறையெல்லாம் போகத் தேய்ச்சாரு. அந்த நர்ஸ் மிஸ் வெள்ள உடுப்பு போட்டிருக்கும், அது கையில போயி அசிங்கத்த குடுக்குறதான்னாரு. நெஞ்சுல வந்தத வெளிய துப்பிட்டு, நல்ல எச்சியா பாத்துக் குடுத்துட்டு வந்தேன்னாரு. ரெண்டு தடவையும் அப்படித்தான். மரியாத தெரிஞ்ச மனுசன்ணே."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சூடு தெரியவில்லை.

எச்சிலில் அந்தக் கிருமி கிடைப்பது அரிது. என் குழாயடியில் பிரசாதம் என்று நீட்டியதை வெள்ளை உடுப்புக்கு முன்னால் நீட்ட உனக்குக் கூச்சம். என்னிடம் உனக்குக் கூச்சம் இல்லை. அதனால் என் கண்ணாடியில் உண்மை இருந்தது. டவுனில் கப்பை வாங்கியவர்களும் கவனித்திருக்க வேண்டும். எச்சில் நுரைத்துத் தண்ணியாக இருக்கும், பார்த்தாலே தெரியும். அதை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப்போவதில்லை. என் கண்ணாடியைத் தொடாத டாக்டரையும்தான்.

ஆனால் டிஸ்பென்சரிக்குச் சளியோடு வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று இருந்தது. நெஞ்சிலிருந்து எடுத்ததா, வாயிலிருந்து எடுத்ததா? நீ காகிதத்தை உயர்த்திக் காட்டிய அன்றும் அந்தக் கேள்வி என் வாய்வரை வந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை.

நீ போய்ப் பதினோரு வருஷம். நான் பார்த்தது சரி என்று யாருக்காவது காட்ட இந்தக் கண்ணாடித்துண்டை வைத்திருந்தேன். டிஸ்பென்சரியை மூடியபோது யாரும் வேண்டாமென்ற மைக்ராஸ்கோப் என் வீட்டில்தான் இருக்கிறது. இன்று ஜன்னலோரம் வைத்து, எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மூலைக்கு மூலை நகர்த்தினேன். நீலம் கொஞ்சம் கிடந்தது. சிவப்பு இல்லை. மலை ஈரம் பெட்டிக்குள்ளும் போய்விட்டது. இனி யாருக்கும் காட்ட ஏலாது. துடைத்து, அதே காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

இப்போது சளி பார்க்க மெஷின் வந்திருக்கிறது. எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களின் சளியெல்லாம் அதற்குத்தான் போகிறது. சாயமும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். நல்லதுதான். எச்சிலைப் போட்டால் அதற்கும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

அதனால் சளி வாங்கும் கிளினிக் நாளில் போய், அதன் வாசல் குழாயடியில் நிற்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. அங்குள்ள மிஸ் முதலில், "ஐயா, ஒங்களுக்கு இங்க என்னா வேல?" என்று கேட்டது. சொன்னேன். இப்போது கேட்பதில்லை.

போன வாரம் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் முந்தானையால் கப்பை மூடிக்கொண்டு வந்தாள். திறக்கச் சொன்னேன். சுத்தமாக, நுரைத்து, தண்ணியாக இருந்தது.

"இது வாயிலருந்து எடுத்தது. ஆழமா மூச்சிழுத்து, நெஞ்சிலருந்து எடும்மா."

"அத எப்படிங்க மிஸ்கிட்ட நீட்டுறது? அசிங்கமுங்க."

"அந்த அசிங்கந்தான் வேணும். வேற கப்பு வாங்கிட்டு வா."

திரும்பிக்கொண்டு இருமினாள். மஞ்சளாக வந்தது. மூடியை நானே இறுக்கி உள்ளே அனுப்பினேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன் மச்சான். நீயும் கேட்டதில்லை. உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வியை மட்டும் கிளினிக் நாளில் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்கிறேன். எல்லோரும் போனபிறகு, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறேன்.