கரைக்கு ஒரு தூண்டில் கோல்

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். சிரி. நீ சிரித்துக் கேட்டு வெகு நாளாயிற்று.

நம் மலாயா நாடு சுதந்திரமாகிவிட்டது, தெரியுமா? நம் காஜா பெராங் ஊர் முழுக்கப் புதுக்கொடி. அதில் பாதியை ஏணியில் ஏறிக் கட்டியவன் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவனை நம்பி ஊரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ இருந்திருந்தால், "மச்சான், கொடி தலைகீழா இருக்கு" என்று மானத்தை வாங்கியிருப்பாய்.

சேதி அதுவல்ல. நம் மூங்கில் கோல் மழையில் கிடந்து பிளந்துவிட்டது. ரீலும் உப்புப் பூத்து இறுகிப்போயிற்று. புதிது வாங்கக் கிளம்பினேன். உன் மனைவி வாசலில் மறித்தாள். என் தங்கையாயிற்றே, விடுவாளா?

"அண்ணே, சம்பான் படகுல தனியா ஏறுற வேலை வேணாம். அவருக்குக் காய்ச்சல் கண்டப்போ ஓடி வர நீங்க இருந்தீங்க. உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா எங்களுக்கு யாரு இருக்கா?"

"நான் யாரு? மலாக்கா கடலே என்னைக் கண்டா ஒதுங்கும்!"

"ஒதுங்கட்டும். நீங்க கரையிலயே நில்லுங்க."

தூண்டில் கடை முதலாளி, நம் சீனத் தவுக்கே, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க உங்க ஜோடி?"

நீ போய்ச் சேர்ந்த சேதி அவருக்கு எட்டவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? நீ சிங்கப்பூரில் பெரிய கப்பலில் வேலை பார்ப்பதாகவும், வெள்ளைக்காரக் கேப்டனே உன்னைக் கேட்டுத்தான் நங்கூரம் போடுவதாகவும் சொல்லிவிட்டேன்.

மனிதருக்கு ஒரே சந்தோஷம். சம்பானுக்கு ஏற்ற குட்டையான தடித்த கோல் இரண்டை எடுத்து வைத்தார். பெரிய உருளை ரீலும் இரண்டு.

"ஒன்னு உங்களுக்கு. ஒன்னு அவரு வந்ததும்."

முன்பெல்லாம் இதே கடையில் கோலை நான் பிடிக்க, நூலைப் பிடித்துக்கொண்டு நீ மீனாகி வாசல்வரை இழுப்பாய். கோல் எங்கே வளைகிறது என்று அப்படித்தானே பார்ப்போம்? கோலை வாங்கிக்கொண்டு நின்றேன். நூல் தரையில் கிடந்தது.

"ஒன்னு போதும் தவுக்கே," என்றேன். "நீளமானது. கரையில நின்னு வீசுறதுக்கு."

என்னையே பார்த்தார். குட்டைக் கோல்கள் இரண்டையும் மெதுவாக உள்ளே வைத்தார். நீளக் கோலை எடுத்து, வீசினால் நூல் தானாக உருவிப் பறக்கும் சின்ன ரீலைப் பொருத்தினார். பிறகு நூலைத் தானே பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். பாவம், மீன் மாதிரி இழுக்கத் தெரியவில்லை. துணி காயப்போட வந்தவர் மாதிரி நின்றார்.

உஜோங் பாசிர் கரையில் வீசிப் பார்த்தேன். பாதிக் கடலைத் தாண்டி விழுந்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மறுக்கவும் ஆளில்லை, ஆமாம் போடவும் ஆளில்லை. எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் ருசிக்கவில்லை, மாப்பிள்ளே. நான் சொன்னதில் பாதி உன் வாயிலிருந்துதான் வந்ததோ?

பிடித்த மீனை நான் கைவிரித்துக் காட்டும்போதெல்லாம், நீ பக்கத்தில் நின்று என் முழங்கையைத் தட்டி இன்னும் ஒரு சாண் விரிய வைப்பாய். முதல் மீன் மாட்டட்டும். தங்கை முன்னால் போய் நின்று, உன் பங்கு ஒரு சாணும் சேர்த்தே விரிப்பேன். இது சத்தியம்.

என்றைக்கும் உன் மச்சான்,
முனியாண்டி
காஜா பெராங், மலாக்கா