காரணம் கேட்கும் கட்டம்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் வீட்டில் எல்லோரும் நலந்தானே? ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கட்டும், அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிகளுக்காக நாலு வருடம் பாடுபட்டு நான் எழுதிய மென்பொருளை, என்னிடம் வேலை பழகியவரிடம் கொடுத்துவிட்டார்கள். "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்கும்மா டென்ஷன்?" என்கிறார் மேனேஜர். ஆபீஸ் வாசலில் மட்டும் என் போட்டோ ஆளுயரத்துக்கு நிற்கிறது: 'பெண்களால் உயர்கிறோம்'.

ராஜினாமா படிவத்தை அச்செடுத்துவிட்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில், இதே ஆபீஸை விட்டபோது நீ எழுதியதைப் போலவே 'குடும்பம்' என்று எழுதி, நல்ல பெயரோடு வந்துவிடுகிறேன்.

உன்,
நெட்டை

மார்ச் 9

அடியே நெட்டை,

அதில் கையெழுத்துப் போட்டாயோ, தொலைந்தாய்!

ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியது பச்சைப் பொய். என் குடும்பம் என்னடி செய்தது? மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார், இவர் சமைத்தார். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த அன்றே என் குழுவைப் பிடுங்கியவர் இதே மேனேஜர்தான். போகிற நேரத்தில் வம்பு எதற்கென்று 'குடும்பம்' என்று எழுதித் தொலைத்தேன். அவருக்கு நல்ல பெயர், என் மாமியாருக்குக் கெட்ட பெயர். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உண்மைக் காரணத்தை எழுதி, கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் படி. எழுதியது யார் என்பதையும் சொல்.

கோபத்தோடும் அன்போடும்,
வாயாடி

மார்ச் 24

என் வாயாடிக்கு,

நேற்று மீட்டிங். பெண்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்று திரையில் ஓர் அட்டவணை காட்டினார்கள். விலகியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் குடும்பக் காரணம். எழுந்து உன் கடிதத்தைப் படித்தேன்.

"அதெல்லாம் பழைய கதைம்மா" என்றார் மேனேஜர்.

உன் கடிதம் வந்ததுமே மற்ற எட்டுப் பேரையும் தேடிப் பிடித்திருந்தேன். ஐந்து பேர் எழுதித் தந்திருந்தார்கள். அவற்றையும் படித்தேன். ஒரு வரி விடவில்லை.

"அப்போ நீங்களும் கிளம்புறீங்களா?" என்றார்.

"நான் எங்க சார் போறேன்? என் வேலையைத் திருப்பிக் குடுங்க. முடியாதுன்னா, இந்தத் தடவை காரணத்தை நீங்க எழுதிக் குடுங்க."

அவர் இன்னும் எழுதித் தரவில்லை. இன்று என் நாற்காலியைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். போடட்டும். பதில் வரும்வரை நான் நகர்வதாக இல்லை.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். அது என் ராஜினாமா. காகிதத்தை வீணாக்குவானேன் என்று பின்பக்கத்தில் உனக்கு எழுதிவிட்டேன்.

உன்,
நெட்டை