காவிரிப் பாலத்தில் நடந்தோம்

இர்பானா அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் நம் இர்பானாவுக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். சவுதியில் தனியாக இருக்கும் உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போன மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது காய்ச்சலுக்காக இல்லை. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மாடி வீட்டு நஜ்முன்னிசா அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்கூலுக்குப் போகச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள் என்கிறார் டாக்டரம்மா. அவளோ வாயே திறப்பதில்லை. எனக்கு அலுத்துப் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் அவளாகவே வந்து, "காவிரிப் பாலத்துல கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமாம்மா?" என்றாள். மறுக்காமல் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு நிறையத் தண்ணீர். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பாதிப் பாலத்தில் நின்று, "பயப்படுறீங்களாம்மா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஆமாடி, ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்மா. கையை விட்டுடாதீங்க."

என் தோளில் சாய்ந்து அழுதாள். பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றோம். பிறகு மாம்பழச்சாலை வரை நடந்துபோய் பஸ் பிடித்துத் திரும்பினோம்.

இனி நீங்கள் கூப்பிடும்போது மார்க், ஸ்கூல் எதுவும் கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தாமதமானால் போனை வைத்துவிடாமல் காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா