ஐந்து கிலோ என்று நான் சொன்ன எஞ்சின்

நேற்று எங்கள் குடியிருப்புத் தாமானில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். சன்னலைச் சாத்துவதற்குள் வீடெல்லாம் எரிந்த எண்ணெய் வாசம். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் உள்ளேயே நின்றேன். எனக்கு அது உன் பிளேன் கிளம்புகிற வாசம். போன வருஷம் உன்னைக் கொண்டுபோன காய்ச்சலும் அந்தக் கொசுவால் வந்ததுதான் என்பது பிறகுதான் உறைத்தது. உடனே கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். என் குணம் உனக்குத் தெரியாததா, நண்பா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிள்ளான் பழைய இரும்புக் கடையிலிருந்து லோரியில் கழற்றிய டர்போ ஒன்றை நான் தூக்கி வந்த நாளில் எல்லாம் ஆரம்பித்தது. அதன் சக்கரத்தை வைத்து உன் மாடல் விமானத்துக்கு ஒரு ஜெட் எஞ்சின் செய்துவிடுவேன் என்றேன். பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் பகலெல்லாம் லேத் பிடிக்கிறவன் என்கிற திமிர். நீ கட்டட வரைபடம் போடுகிறவன். சிரிக்காமல் பென்சிலை எடுத்தாய்.

"எத்தனை கிலோ தள்ளும், அத மட்டும் சொல்லுடா. அதுக்கு ஏத்த பிளேன நான் கட்டுறேன்."

"அஞ்சு," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

நாம் பிளேன் பறக்கவிடும் திடல் புல் திடல். பிளேனின் எடையில் பாதியாவது எஞ்சின் தள்ளினால்தான் அங்கே எழும்பும் என்பது உன் கணக்கு. ஆகவே பத்துக் கிலோவில் வரைந்தாய். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருஷம் இழைத்தாய். மடங்கும் சக்கரங்கள், மூன்று பூச்சுச் சாயம், உள்ளே உட்கார மரத்தில் செதுக்கிய ஒரு விமானி. அவனுக்கு மீசைகூட வைத்தாய். உன் மனைவி எஸ்தர், "அந்த ஆளப் பாக்கிற பார்வைல பாதி என்னப் பாத்தா போதும் லா," என்று சொல்லிக்கொண்டேதான் நமக்குத் தேநீர் கொண்டுவருவாள்.

எஞ்சின் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை விடியலில், தொழிற்சாலைக்குப் பின்னால் வெட்டவெளியில், மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் கட்டி ஓட்டினேன். முள் ஐந்தைத் தொட்டது. காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நம் திடலில் யாரையும் விட்டுவைக்கவில்லை, எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

அப்புறம் அதை உன் பிளேனுக்குள் பொருத்தினோம். குவார்ட்டர்ஸ் பின்சந்தில், பிளேனின் வாலைத் தராசில் கட்டி, தராசைக் கம்பத்தில் கட்டி, மதிய வெயிலில் ஓட்டினோம். நீ முன்னால் எண்ணெய்க் குழாயைப் பிடித்திருந்தாய். நான் பின்னால் முள்ளைப் பார்த்தேன். அது நாலைக்கூடத் தொடவில்லை. மூன்று புள்ளி எட்டில் நின்று நடுங்கியது. வெட்டவெளியில் தாராளமாகக் காற்றை விழுங்கிய எஞ்சின், உன் பிளேனின் சின்ன வாய் வழியாக மூச்சு வாங்கத் திணறுகிறது. போதாததற்கு வெயிலில் இளைத்த காற்று. எனக்குப் புரிந்தது. சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்டி ஓடிவந்து, "என்ன தம்பி, கேஸ் வெடிக்குதா?" என்று கேட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு நீ கேட்டாய்: "எவ்வளவு?"

"அஞ்சு," என்றேன்.

அதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய். ஊரெல்லாம் பேசிவிட்ட பிறகு நாக்கு வேறு எண்ணைச் சொல்ல மறுத்தது. உன் இரண்டு வருஷ உழைப்பு செம்பனை மரத்தில் மோதி நொறுங்கும் என்று தெரிந்தே சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆறு வாரம் நீ எதுவும் கேட்கவில்லை. வேலை மும்முரம் என்று நானும் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. வர முகமில்லை.

முதலில் பறக்கவிடக் குறித்த ஞாயிறு வந்தது. காலையில் உனக்குத் தேவாலயம். அது முடிந்துதான் திடல் என்பதால் வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் வந்து சேர்ந்தாய். கார் பின்கதவைத் திறந்ததும் திகைத்தேன். சாயத்தைச் சுரண்டி எடுத்திருந்தாய். வெறும் மரமும் துணியும். மடங்கும் சக்கரங்கள் போய், சாதாரணக் கம்பிக் கால்கள். எண்ணெய்த் தொட்டி பாதியாகியிருந்தது. மீசைக்காரனையும் இறக்கிவிட்டிருந்தாய்.

"ஏண்டா இப்படி?" என்றேன்.

"சும்மா, எடை கொறஞ்சா நல்லதுதானே," என்று நீ எண்ணெய் ஊற்றத் தொடங்கினாய்.

ஓடுதளத்தில் வைத்து, காற்றை ஊதி எஞ்சினைக் கிளப்பும் பிளோவரை எடுக்கக் குனிந்தபோதுதான் அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"அன்னிக்கு அஞ்சு இல்லடா. மூணு எட்டு. பொய் சொன்னேன்."

நீ நிமிராமல், "மூணே முக்கால்னு நெனச்சேன்," என்றாய். "அந்த வாய்க்கு அஞ்சு வரவே வராது, அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டுட்டேன். பிளேன ஏழரைக் கிலோவுக்கு எறக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். பறக்கிறப்ப என் கண்ணு பிளேன்ல இருக்கும். பக்கத்தில நின்னு எண்ணெய், நேரம் எல்லாம் சொல்றவன் நீதான், அத நம்பித்தான் ஓட்டணும். சொல்லியிருக்காட்டி பிளேன அப்படியே திரும்பக் கார்ல ஏத்தியிருப்பேன். சரி, ஊது."

பறந்தது. புல்லில் நீண்ட தூரம் ஓடி, மனமில்லாததுபோல எழும்பி, செம்பனை வரிசைக்கு மேலே ஏறியது. நான் உன் காதருகே நிமிடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. நாலு நிமிடம். இறங்கியதும் நீ என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாய், அந்தப் பொய்க்கு நீ கொடுத்த தண்டனை அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் பிளேன் என் வீட்டில் இருக்கிறது. எஸ்தர்தான் கொடுத்தாள். திடலில் புதிதாக வருகிறவர்கள், "பாஸ், வெளிநாட்டு எஞ்சின் வந்திருச்சு, எட்டுக் கிலோ தள்ளும், அதப் போடுங்க லா," என்கிறார்கள். நீ இளைக்க வைத்த மரச்சட்டம் அந்த வேகத்தில் காற்றிலேயே பிய்ந்துபோகும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை கேட்டவனிடம் கொஞ்சம் கத்தியும் விட்டேன்.

போன வாரம் நம் எஞ்சினை மறுபடி அளந்தேன். சக்கரம் தேய்ந்திருக்கிறது. மூன்றரைதான். எஸ்தருக்குப் போன் போட்டு, அவள் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணைச் சொன்னேன். "அப்ப அரைக் கிலோ எறக்குங்க. பக்கத்தில நான் நிக்கிறேன், நேரம் சொல்றேன்," என்றாள். எங்கே இறக்குவது என்று மூன்று நாளாக உன் பிளேனைத் தடவிப் பார்க்கிறேன். எங்கே தொட்டாலும் உன் உளி பட்ட இடம். கை வரவில்லை. ஆனாலும் நாளைக்கு அறுக்கத்தான் போகிறேன். என் எஞ்சினுக்காக நீ உன் கையாலேயே அறுத்தவன்தானே.