நீ தோற்றுப்போன செய்தி

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தொடப்போகிற மனுஷன், தினமும் பல் தேய்க்கும் முன்னால் போனில் ஒரு ரோஜாப்பூ கண்ணடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பழக்கடைக்காரர்கள் குழுவில் யாராவது காலை வணக்கத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். இன்றைக்கும் பூ கண்ணடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த அசையும் படத்துக்கு ஒரு பேர் உண்டே, அதை வைத்துத்தானே நாம் இரண்டு வருஷம் சண்டை போட்டோம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தென்காசியில் உன் போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, குற்றாலத்தில் என் கடைக்கு வந்துவிடுவாய். மங்குஸ்தானை நசுக்கித் தின்றுகொண்டே ஆரம்பிப்பாய்.

"ஏலே, அது கிஃப். ஜிஃப் இல்ல. முத எழுத்து கிராஃபிக்ஸுக்கு உள்ளது. நீ ஜிராஃபிக்ஸ்னா சொல்லுத?"

"நான் அஞ்சாங்கிளாஸு. வாய்க்கு எது லேசா வருதோ அதான் எனக்குச் சரி."

"சவுதில, தமாம்ல பன்னெண்டு வருசம் இருந்தவன் சொல்லுதேன், கேளு."

"அங்கன ஏசி மாட்டத்தான போன? இங்கிலீஷ் படிச்ச மாதிரில்லா பேசுத!"

அர்த்தமும் நீதான் சொல்லித் தந்தாய். கிராஃபிக்ஸ் இன்டர்சேஞ்ச் ஃபார்மட். "அதாவது, படத்தைக் குடுத்து வாங்குததுக்கு ஒரு ஏற்பாடு" என்றாய். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. குடுத்து வாங்க இரண்டு பேர் வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பந்தயம் கட்டினோம். தோற்றவன் சீசன் கூட்டத்தில் மெயினருவிக்கு நடுவில் போய் நின்று, "நான் தோத்துட்டேன்" என்று மூன்று தடவை கத்த வேண்டும்.

உங்கள் வீட்டில் படம் மாட்டும் வழக்கம் இல்லை. என்னிடம் மிச்சம் இருப்பது, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து நீயே செய்து அனுப்பிய அசையும் படம் மட்டும். மூன்றே நொடி. முகத்தைத் துடைக்கிறாய், என்னைப் பார்க்கிறாய், சிரிக்கப் போகிறாய். அதற்குள் மறுபடியும் முகத்தைத் துடைக்கிறாய். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சிரிப்பு வந்து சேரவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசலில் உன் மகன் எழுந்து நின்று, "வாப்பா யாருக்கும் எதுவும் பாக்கி வச்சிருந்தா எங்ககிட்ட கேளுங்க, இல்லன்னா மன்னிச்சிருங்க" என்றான். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் என் மகள் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன். "அதைச் செஞ்சவரே ஜிஃப்னுதாம்ப்பா சொல்லிருக்காரு. ஆனா பாதிப் பேரு ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். துள்ளி எழுந்து போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தோன்றியது, யாரிடம் சொல்வது என்று. அப்படி ஒரு வெற்றியை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

அதன் பிறகு ஜிஃப் என்று சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லாமல் சப்பென்று இருந்தது. ஆகவே உன் பக்கத்தை நானே எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கேயும் கிஃப் என்றுதான் சொல்கிறேன். மகள் திருத்தினால் கத்துகிறேன், உன்னை மாதிரியே.

ஆனாலும் பள்ளிவாசலில் உன் மகன் அப்படிக் கேட்டுவிட்டானே. உன் பேரில் அந்தப் பந்தயப் பாக்கி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. உன் பிள்ளையைக் கூப்பிட்டு அருவியில் நின்று கத்தச் சொல்ல முடியுமா? போன ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். நடுவில் போய் நின்றேன். "நான் தோத்துட்டேன்" என்று மூன்று தடவை கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர் மட்டும் என் தோளைத் தட்டினார்.

"அண்ணாச்சி, சாரம் போவுது."

குனிந்து இடுப்பைப் பார்த்தேன். போயிருந்தது. அவர் துண்டு கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு வந்து கடையைத் திறந்தேன். அன்றைக்கு ரம்புட்டான் நன்றாக விற்றது.